இடமும் மொழியும்: இணையப் பக்க வழங்கலில் ஒரு பிழைச் சமன்பாடு – மட்டாஞ்சேரியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

இணையப் பக்கமொன்று படிப்பவரிடம் விரைவாகவும் தடையின்றியும் சென்று சேரும் பொருட்டு, அதனை வழங்கும் முறையைப் படிப்பவரின் நிலைக்கேற்ப மாற்றியமைப்பது இன்று பொதுவழக்கு ஆகிவிட்டது. இத்தகவமைப்பில் மூன்று கூறுகளைப் பிரித்தறியலாம். முதலாவது தொலைவு, பக்கத்தின் படியைப் படிப்பவருக்கு அருகிலுள்ள வழங்கியில் வைத்தல். இரண்டாவது எடை; பக்கத்தைச் சுருக்கியும் செறித்தும் அனுப்புதல். மூன்றாவது மொழி, ஒரே செய்தி பல மொழிகளில் இருக்குமாயின் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அளித்தல்.

முதல் இரண்டும் பொறியியலார்க்கு உரியவை. மூன்றாவது, மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்துரைக்க வேண்டிய ஒன்று. ஆயினும் அவர்தம் கருத்து கேட்கப்படாமலேயே, தொலைவை அளக்கப் பயன்பட்ட கோலே மொழியை அளக்கவும் பல தளங்களில் பயன்படுத்தப்பட்டு வருகிறது. படிப்பவர் எவ்விடத்தில் இருக்கிறார் என்பதைக் கொண்டு அவர் எம்மொழியைப் படிப்பார் என முடிவு செய்யப்படுகிறது. இடமும் மொழியும் ஒன்றே என்னும் இச்சமன்பாடு பிழையானது என்பதையும், அப்பிழை மொழிச் சிறுபான்மையினரைக் கணக்கிலிருந்தே மறைத்துவிடுகிறது என்பதையும் கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தொலைவு: இடம் செல்லும் எல்லை

தொலைவைக் குறைக்கும் முயற்சியில் 1998இல் தொடங்கப்பெற்ற ஆக்கமாய் நிறுவனம் முன்னோடி எனலாம். ஒரு பக்கத்தின் படிகளை உலகின் பல நகரங்களில் தேக்கிவைத்து, கேட்பவருக்கு அண்மையிலுள்ள படியை அளிக்கும் 'உள்ளடக்க வழங்கல் வலையமைப்பு' என்னும் முறை அதன்பின் பெருகியது. இம்முறையில் படிப்பவரின் இணைய முகவரி எண்ணைக் கொண்டு அவர் இருக்கும் பகுதி ஊகிக்கப்படுகிறது. ஊகம் சற்றுத் தவறினாலும் பெருங்கேடு இல்லை. பக்கம் நொடியின் ஒரு சிறு பகுதி தாமதமாக வரும், அவ்வளவே.

கொச்சி இவ்வகையில் நற்பேறு பெற்ற நகரம். தென்னாப்பிரிக்காவையும் கீழை நாடுகளையும் இணைக்கும் சேஃப் கடலடி வடம் இங்குக் கரையேறுகிறது. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுகளுக்குச் செல்லும் கடலடி ஒளியிழை வடம் 2024 சனவரியில் தொடங்கிவைக்கப்பெற்றது. ஆகவே மட்டாஞ்சேரியில் ஒருவர் இணையப் பக்கத்தைப் படிக்க இடர்ப்படுவாராயின், அதற்குத் தொலைவை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

3. எடை: எழுத்துக்கு உரிய விலை

இரண்டாம் கூறாகிய எடையில் இந்திய மொழிகளுக்குத் தொடக்கத்தில் ஒரு சுமை இருந்தது. ஒருங்குறியின் பெருவழக்கான வடிவமாகிய யு.டி.எஃப். 8 முறையில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைட்டும், தமிழ்க் குறியொன்று மூன்று பைட்டும் கொள்கின்றன. 'மட்டாஞ்சேரி' என்னும் சொல் தமிழில் 11 குறிகளால் ஆனது. எனவே 33 பைட். மலையாளத்திலும் அதே 11 குறிகள், அதே 33 பைட். ரோமன் எழுத்தில் வழங்கும் 12 எழுத்து வடிவமோ 12 பைட்டில் அடங்கிவிடும். 'தமிழ்' என்னும் சொல் ஒருங்குறியில் 15 பைட் கொள்ள, டிஸ்கி என்னும் பழைய குறியேற்றத்தில் நான்கு பைட்டில் முடிந்துவிட்டது. ஒருங்குறியின்மேல் அக்காலத் தமிழ்க் கணிப்பொறியாளர் பலர் கொண்ட மனக்குறைக்கு இதுவும் ஒரு காரணம்.

இக்குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தமிழ்க் குறிகளின் முதல் இரு பைட்டுகள் ஏறத்தாழ மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால், ஜிசிப், பின்னர் 2016இல் வரையறுக்கப்பெற்ற புரோட்லி ஆகிய செறிவாக்க முறைகள் அம்மிகையை எளிதில் நீக்கிவிடுகின்றன. எழுத்துருவைப் பொறுத்தும் ஒரு நல்ல தீர்வு வந்தது. ஒரு பக்கத்தில் எந்த ஒருங்குறிப் பரப்பைச் சார்ந்த எழுத்துகள் வருகின்றனவோ, அவற்றுக்குரிய எழுத்துருக் கோப்பை மட்டும் உலாவி வரவழைத்துக்கொள்ளும். தமிழ்ப் பத்தியின் நடுவே மலையாளச் சொல்லொன்று வந்தால் அப்போது மலையாள எழுத்துருவும் வந்து சேரும். இங்கே தகவமைப்பை முடிவு செய்வது பக்கத்திலுள்ள எழுத்து. படிப்பவரின் ஊர் இதில் தலையிடுவதில்லை என்பது கருதத்தக்கது.

இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. 2006 முதல் உலகெங்கும் பரவிய ஓபரா மினி என்னும் உலாவி, பக்கத்தை இடையிலுள்ள வழங்கியில் சுருக்கிச் செல்பேசிக்கு அனுப்பியது. அதன் ஒரு விருப்பத் தேர்வை இயக்கினால், இந்திய எழுத்துகள் அவ்வழங்கியிலேயே படங்களாக வரையப்பெற்று வந்தன. தமிழ் எழுத்துருவே இல்லாத எளிய செல்பேசிகளில் தமிழ் படிக்க இதுவே பலருக்கு வழியாயிற்று. நன்றியுடன் நினைக்கத்தக்க உத்திதான். ஆனால் படமாகிவிட்ட எழுத்தைத் தேடவோ, படியெடுக்கவோ, அகராதியில் பார்க்கவோ இயலாது. கண்ணுக்குத் தமிழாகவும் கருவிக்குப் படமாகவும் நின்ற பக்கம் அது. தகவமைப்பு ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை எடுத்துக்கொள்கிறது. ஓபரா மினியில் அவ்வாறு எடுத்துக்கொள்வது படிப்பவர் தாமே தேர்ந்து இயக்கிய விருப்பத்தால் நிகழ்ந்தது. அடுத்த கூறில் அத்தேர்வும் படிப்பவரிடம் விடப்படவில்லை.

4. மொழி: கைவிடப்பட்ட ஒரு நல்ல ஏற்பாடு

மொழித் தேர்வுக்கான ஏற்பாடு இணையத்தின் அடிப்படை நெறிமுறையிலேயே உள்ளது. 1997 சனவரியில் ஆர்.எஃப்.சி. 2068 என வெளிவந்த எச்.டி.டி.பி. நெறிமுறையின் 1.1ஆம் பதிப்பு 'அக்செப்ட் லாங்குவேஜ்' என்னும் வரியை விளக்குகிறது. உலாவி ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும், படிப்பவர் ஏற்கும் மொழிகளை விருப்ப அளவுடன் இவ்வரியில் தெரிவிக்கலாம். தமிழுக்கு 1, மலையாளத்துக்கு 0.8, ஆங்கிலத்துக்கு 0.5 என ஒருவர் குறிப்பிட்டால், தமிழ் வடிவம் இல்லாதபோது மலையாளமும், அதுவும் இல்லாதபோது ஆங்கிலமும் வரவேண்டும். ஒரு மனிதர் பல மொழிகளை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் உடையவர் என்னும் உண்மையை ஒரு பொறியியல் ஆவணம் இவ்வளவு தெளிவாக ஏற்றுக்கொண்டது வியப்புக்குரியது. பன்மொழி நாட்டின் மொழியியலார் வரைந்திருந்தாலும் இதனினும் நன்றாக வரைந்திருக்க முடியாது.

இவ்வேற்பாடு நடைமுறையில் வலுவிழந்ததற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது, இவ்வரியைப் படிப்பவர் எழுதுவதில்லை, கருவியே எழுதிவிடுகிறது. செல்பேசியின் இடைமுகம் ஆங்கிலத்தில் இருந்தால் 'இந்திய ஆங்கிலம்' என்றே அது தெரிவிக்கும். தமிழே படிப்பவரும் பழக்கத்தால் ஆங்கில இடைமுகத்தை வைத்திருப்பதுண்டு. ஆதலால் இவ்வரி உண்மை கூறுவதில்லை எனத் தளத்தார் கருதலாயினர். இரண்டாவது, தேக்கச் சேமிப்பின் சிக்கல். மொழி விருப்பத்துக்கேற்பப் பக்கம் மாறும் எனின், வழங்கி அதனை 'வேரி' என்னும் வரியால் அறிவிக்க வேண்டும். அவ்வாறு அறிவித்தால் விருப்ப வரியின் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் தனிப்படி தேக்கப்படும். விருப்ப வரிகளோ எண்ணற்றவை. படிகள் பெருகத் தேக்கத்தின் பயன் குன்றும், விரைவு குறையும். விரைவுக்கும் மொழிக்கும் இடையே நேர்ந்த இப்போட்டியில் விலக்கப்பட்டது மொழி விருப்பமே.

அவ்விடத்தை நிரப்ப வந்ததுதான் இட ஊகம். முதற்கூறின் பொருட்டு ஏற்கெனவே கையில் இருந்த தரவு. கூடுதல் செலவு இல்லை. கேரளம் எனில் மலையாளம், தமிழ்நாடு எனில் தமிழ். ஆனால் இவ்வூகம் தன்னளவிலேயே உறுதியற்றது. செல்பேசி வலையமைப்புகளில் ஒருவர் எந்நகரின் வாயில் வழியாக இணையத்துக்குள் நுழைகிறாரோ அந்நகரே அவருடைய இடமாகத் தோன்றக்கூடும். மட்டாஞ்சேரியிலுள்ள மலையாளியின் இணைப்பு சென்னை வழியாகச் செல்லுமாயின் அவருக்குத் தமிழ்ப் பக்கம் வரலாம். அவருக்கு அடுத்த வீட்டுத் தமிழருக்கு மலையாளப் பக்கம் வரலாம். தொலைவைப் பொறுத்தவரை பொறுத்துக்கொள்ளத்தக்க பிழை, மொழியைப் பொறுத்தவரை படிக்கவே இயலாத பக்கமாக முடிகிறது.

5. மட்டாஞ்சேரி: சமன்பாட்டின் உரைகல்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரள மக்களுள் ஏறத்தாழ 97 விழுக்காட்டினரின் தாய்மொழி மலையாளம். 'கேரளம் எனில் மலையாளம்' என்பார்க்கு இவ்வெண்ணே பெருந்துணை. ஆனால் எஞ்சிய 3 விழுக்காடு, 3.34 கோடி மக்கள் வாழும் மாநிலத்தில், சுமார் 10 இலட்சம் பேர். அவர்கள் மாநிலமெங்கும் சீராகப் பரவியிருக்கவில்லை. சில இடங்களில் செறிந்து வாழ்கின்றனர். அவ்விடங்களில் மாநிலச் சராசரி எதனையும் விளக்குவதில்லை.

மட்டாஞ்சேரி அத்தகைய இடம். திருமலை தேவசுவம் கோயிலைச் சூழ்ந்து கொங்கணி பேசும் கௌட சாரசுவதர், குஜராத்தி சாலையில் குஜராத்தி வணிகர், கச்சி பேசும் மேமன்கள், தக்கணி பேசும் முசுலிம்கள், தமிழ்ப் பிராமணர் எனப் பலரும் சில கிலோமீட்டருக்குள் வாழும் பகுதி. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபிக்கானா என்னும் சலவைக்கூடத்தில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழியினர் எனக் கூறப்பெறும் வண்ணார் குடும்பங்கள் இன்றும் தொழில் செய்கின்றன. இங்கு ஒரே தெருவில் உள்ள வீடுகள் ஒரே இடக்குறியைப் பெறும். ஒரே மொழியைப் பெறா.

இடத்துக்குப் பதிலாகத் தாய்மொழியைக் கேட்டறிந்தால் சிக்கல் தீருமா எனின், அதுவும் தீராது. தாய்மொழி பேச்சின் செய்தி. இணையப் பக்கமோ வாசிப்பின் செய்தி. வீட்டில் தமிழ் பேசி மலையாளவழிப் பள்ளியில் கற்ற மட்டாஞ்சேரி இளைஞருக்குத் தமிழ் எழுத்து பழகாததாக இருக்கலாம். அவருடைய தாயார் தமிழ் எழுத்து மட்டும் அறிந்து, மலையாளத்தைப் பேசவும் கேட்டறியவும் வல்லவராக இருக்கலாம். இருவரும் ஒரே வீட்டில் ஒரே இணைப்பைப் பயன்படுத்துவோர். கொங்கணியில் நிலை இன்னும் நுட்பமானது. 1992இல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்ற இம்மொழி நாகரி, ரோமன், கன்னடம், மலையாளம் ஆகிய எழுத்துகளில் எழுதப்பெறுகிறது. 'கொங்கணி வேண்டும்' என்பது மட்டும் போதாது. 'எவ்வெழுத்தில்' என்பதும் வேண்டும். மொழிக்குறியோடு எழுத்துக்குறியையும் ஒழுங்காக இணைத்துக் கூறும் வசதி 2006இல் வெளியான ஆர்.எஃப்.சி. 4646 வழியாகத்தான் நிலைபெற்றது.

மூன்றாவதாக, ஒருவரே பல துறைகளுக்குப் பல மொழிகளைக் கையாள்கிறார். யார், எம்மொழியில், யாரிடம், எப்போது பேசுகிறார் என்னும் வினாவை 1965இல் எழுப்பிய ஜோஷுவா ஃபிஷ்மன், மொழித்தேர்வைத் துறைகளின் அடிப்படையில் விளக்கினார். இந்தியச் சூழலில் இதற்குச் சிறந்த சான்றைத் தந்தவர் பிரபோத் பண்டித். பம்பாயில் குடியேறிய குஜராத்தி மசாலா வணிகர் ஒருவர் வீட்டில் குஜராத்தியும், காய்கறிச் சந்தையில் மராத்தியும், பால்காரரிடம் இந்துஸ்தானியும், வணிக வட்டத்தில் கச்சியும் கொங்கணியும், முறைசார்ந்த இடங்களில் ஆங்கிலமும் பேசுவதாக அவர் காட்டினார். மசாலா வணிகத்துக்கே பெயர்பெற்ற மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்கு இச்சித்திரம் அந்நியமன்று. அத்தகையவருக்கு 'ஒரு' மொழியைத் தேர்ந்தளிப்பது என்பதே தவறான வினாவுக்குத் தரும் விடை. அவர் பங்குச் செய்தியைக் குஜராத்தியிலும், குடிமைப்பொருள் அறிவிப்பை மலையாளத்திலும், வங்கிப் படிவத்தை ஆங்கிலத்திலும் படிக்க விரும்பலாம்.

6. முற்காலச் சான்றுகள்

இடப்பெயரைக் கொண்டு மொழியைச் சுட்டும் பிழை இக்கடற்கரைக்குப் புதியதன்று. 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலின் போர்த்துக்கீசியத் தலைப்பு, அதன் மொழியை 'மலவார் தமுல்' எனக் குறித்தது. அடுத்த ஆண்டு, 1579இல், 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியிலேயே தமிழில் அச்சேறியது. தமிழை 'மலபார் மொழி' என ஐரோப்பியர் வழங்கும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. தரங்கம்பாடியிலிருந்து எழுதிய சீகன்பால்குவும் அவ்வாறே வழங்கினார். கடலிலிருந்து முதலில் கண்ட கரையின் பெயர் மொழிக்கும் பெயராயிற்று. இன்றைய இட ஊகம் இப்பழம்பிழையைத் திருப்பிப் போட்டது எனலாம்: அன்று மலபாரின் பெயரில் தமிழ் அழைக்கப்பெற்றது, இன்று கேரளத்தின் பெயரால் தமிழர் மலையாளம் பெறுகின்றனர்.

இதற்கு மாறான மரபும் இதே நகரில் தோன்றியது. டச்சு ஆளுநர் வான் ரீட் முயற்சியால் கொச்சியில் தொகுக்கப்பெற்று, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் செடிநூலில், படங்களின்மேல் செடிகளின் பெயர்கள் ரோமன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் பொறிக்கப்பெற்றுள்ளன. மருத்துவர் இட்டி அச்சுதனின் சான்றுரை மலையாளத்திலும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரின் சான்றுரை கொங்கணியிலும் அமைந்தன. மலையாளத்திலிருந்து போர்த்துக்கீசியம், டச்சு வழியாக இலத்தீனுக்குச் சென்ற மொழிபெயர்ப்பு அது. படிப்பவர் எவர் என்பதை ஊகிக்க அந்நூல் முயலவில்லை. எல்லாப் பெயர்களையும் ஒரே ஏட்டில் முன்வைத்து, தேர்வை அவரிடமே விட்டது.

மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி ஜெபஆலயத்தின் மணிக்கூண்டும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1760இல் எசக்கியேல் ரஹாபி அமைத்த அக்கூண்டின் முகங்களில் எபிரேயம், ரோமன், மலையாளம் என வெவ்வேறு முறையில் எண்கள் எழுதப்பெற்றுள்ளன. ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு திசையில் நிற்பவருக்கு உரியது. இதுவும் ஒருவகை இட ஊகமே. எத்திசையில் நிற்பவர் எவ்வெண்ணைப் படிப்பார் எனக் கூண்டு கருதிக்கொள்கிறது. ஆனால் கருத்து தவறினால் படிப்பவர் சில அடி நடந்து மறுமுகத்தைக் காணலாம். கூண்டு அவரைத் தடுப்பதில்லை. தானே வழிமாற்றி அனுப்பும் இணையத் தளம், மறுமுகத்தை நோக்கி நடப்பவரை மீண்டும் முதல் முகத்துக்கே திருப்பிவிடுகிறது.

7. விளைவு: மறைக்கப்படும் வாசகர்

இப்பிழையின் பெருங்கேடு படிப்பவரின் இடர்ப்பாட்டோடு முடிவதில்லை. கணக்கில்தான் அது வேர் கொள்கிறது. கேரளத்திலிருந்து வந்த வேண்டுகோள்களுக்கெல்லாம் மலையாளப் பக்கமே தரப்பட்டால், தளத்தின் பயன்பாட்டுக் கணக்கு, கேரளத்தில் மலையாளம் மட்டுமே படிக்கப்படுவதாகக் காட்டும். அக்கணக்கைக் கொண்டு, கேரளத்துக்கான அறிவிப்புகளையும் வழிகாட்டிகளையும் தமிழிலோ கொங்கணியிலோ குஜராத்தியிலோ மொழிபெயர்க்கத் தேவையில்லை என முடிவு செய்யப்படும். மொழிபெயர்ப்பு இல்லாதபோது அம்மொழியினர் ஆங்கிலத்துக்கோ மலையாளத்துக்கோ மாறுவர். அடுத்த கணக்கு முன்னதை உறுதிசெய்யும். தானே விளைத்ததைத் தானே சான்றாகக் காட்டும் வட்டம் இது. மொழிபெயர்ப்பாளரின் பணி எவ்விடத்தில் மறுக்கப்படுகிறது என்பதை அவர் அறிவதற்குக்கூட இதில் வழியில்லை.

அரசுப் பக்கங்களில் இதன் விளைவு மேலும் கூர்மையானது. குறைகளைத் தெரிவிக்கும் விண்ணப்பத்தை, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தந்துள்ளது. காகிதத்தில் உள்ள அவ்வுரிமை, இடத்தைக் கொண்டு மொழியைப் பூட்டிவிடும் படிவத்தில் பயனற்றுப் போகும்.

8. மறுப்புகளும் விடைகளும்

இட ஊகத்துக்கு ஆதரவாக மூன்று கருத்துகள் கூறப்பெறலாம். முதலாவது, பெரும்பான்மையோர் தேர்வுப் பட்டியலை விரும்புவதில்லை. நேரே பக்கத்தையே விரும்புவர் என்பது. இது உண்மையே. ஆனால் ஊகத்தால் ஒரு பக்கத்தை முதலில் காட்டுவதும், பிறவற்றை எட்டாமல் ஆக்குவதும் வேறு வேறு. முன்னதை ஏற்கலாம், பின்னதை ஏற்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தேக்கத்தின் பயன் குன்றும் என்பது. ஒவ்வொரு மொழி வடிவத்துக்கும் தனி முகவரி அளித்தால் இத்தடை நீங்கும். ஒரு முகவரிக்கு ஒரு படி. வேறுபாடுகள் பெருக வழியில்லை. அவ்வடிவங்கள் ஒன்றையொன்று சுட்டும் முறையை 2011இல் கூகுள் தேடுபொறி அறிமுகப்படுத்தியது. எம்மொழிக்கும் உரியதல்லாத பொதுநுழைவுப் பக்கத்தைச் சுட்டும் குறி 2013இல் சேர்ந்தது. விரைவுக்கும் மொழிக்கும் இடையே போட்டி இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது மறுப்பு வலுவானது. மொழி விருப்பங்களை விரிவாகத் தெரிவிப்பது ஒருவரைப் பிறரிடமிருந்து தனித்தறிய உதவிவிடும். 'தமிழ், கொங்கணி, கச்சி' என வரிசையிட்டுக் கேட்பவர் ஊரில் ஒருசிலரே இருப்பர். 2022இல் வெளிவந்த எச்.டி.டி.பி. வரையறையும் இவ்விடரைச் சுட்டுகிறது. சிறுபான்மை மொழியினர் தம் மொழியைக் கேட்பதற்காகத் தம் மறைவைப் பறிகொடுத்தல் தகாது. எனவே முழு விருப்பப் பட்டியலை ஒவ்வொரு தளத்துக்கும் அனுப்புவதைக் காட்டிலும், பக்கத்திலேயே உள்ள மொழிகளுள் ஒன்றைப் படிப்பவர் தொட்டுத் தேர்வது பாதுகாப்பானது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

(அ) இடத் தரவு தொலைவை முடிவு செய்யவே தக்கது. மொழியைப் பொறுத்தவரை அது முதற்குறிப்பாக நிற்கலாம், கட்டளையாகக் கூடாது.

(ஆ) ஒவ்வொரு மொழி வடிவத்துக்கும் நிலையான தனிமுகவரி வேண்டும். ஒருவர் கேட்ட முகவரியிலிருந்து அவரை வேறு மொழிக்கு வழிமாற்றலாகாது.

(இ) மொழித் தேர்வு எல்லாப் பக்கங்களிலும் கண்ணில்படும் இடத்தில், அவ்வம்மொழியின் பெயர் அவ்வம்மொழி எழுத்திலேயே அமைய வேண்டும். பல எழுத்துகளில் வழங்கும் மொழிக்கு எழுத்துத் தேர்வும் உடன் தரப்பட வேண்டும்.

(ஈ) பயன்பாட்டுக் கணக்கில் 'வழங்கப்பட்ட மொழி', 'தேர்ந்த மொழி' என இரு பத்திகள் வேண்டும். தானாகத் தரப்பட்ட பக்கத்தைப் படிப்பவரின் விருப்பமாகக் கணக்கிடுதல் தவறு.

இவற்றுள் நான்காவது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் வலியுறுத்திக் கேட்க வேண்டியது. மற்றவை பக்கத்தைத் திருத்தும். இதுவோ பக்கத்தின் பின்னுள்ள முடிவைத் திருத்தும். மட்டாஞ்சேரியின் மணிக்கூண்டு இத்தனை முகங்களோடு எழுந்தது, அத்தனை வகையாகப் படிப்போர் அங்கு உண்டு என அமைத்தவர் அறிந்திருந்ததால். இணையத்தில் அவ்வறிவு, படிப்பவர் தேர்ந்த மொழியைத் தனியே எண்ணும் கணக்கிலிருந்துதான் தொடங்க முடியும்.